மறுபடியும் விண்ணப்பியுங்கள்!

பெரிய ஐ.டி. நிறுவனத்தின் நேர்காணலில் தோற்றவர், அதே நிறுவனத்தின் வாசலுக்கு இன்னொரு முறை போகலாமா? போவதென்றால் எப்படிப் போக வேண்டும்? மைசூருவில் நடந்தவற்றை முன்வைத்து ஓர் அலசல்.

2025, பிப்ரவரி 7. மைசூரு இன்ஃபோசிஸ் வளாகத்திலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட இளம் பயிற்சியாளர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலோர் 2022இல் பட்டம் பெற்றவர்கள். கல்லூரியிலேயே தேர்வாகி, ஆஃபர் லெட்டர் வாங்கி, ‘எப்போது வந்து சேரச் சொல்வார்கள்’ என்று இரண்டு ஆண்டுக்கும் மேலாக மெயிலைத் திறந்து திறந்து பார்த்தவர்கள். 2024 அக்டோபரில்தான் அவர்களைப் பயிற்சிக்கு அழைக்கத் தொடங்கினார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு மைசூருவுக்கு வந்த நான்கு மாதத்தில் வேலை கைவிட்டுப் போனது.

நிறுவனம் சொன்ன காரணம் இது: பயிற்சிக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் உள்தேர்வில் தேற மூன்று வாய்ப்புகள் உண்டு. மூன்றிலும் தேறாதவர் பணியில் நீடிக்க முடியாது. இது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, இருபது ஆண்டுக்கும் மேலாக இருந்துவரும் நடைமுறை. ஐ.டி. ஊழியர்களுக்கான ‘நைட்ஸ்’ அமைப்பு இதை ஏற்கவில்லை. வெளியேற்றப்பட்டவர்கள் எழுநூறு பேர் வரை இருப்பார்கள் என்றும், கட்டாயப்படுத்தி அனுப்பினார்கள் என்றும் சொல்லி மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் கொடுத்தது. கர்நாடகத் தொழிலாளர் துறை அதிகாரிகள் வளாகத்துக்கே போய் விசாரித்தார்கள். சட்ட மீறல் எதுவும் இல்லை என்ற முடிவுக்கு அவர்கள் வந்ததாகப் பின்னர் செய்தி வெளியானது. ஏப்ரலில் இன்னும் 240 பேரும், அந்த மாதக் கடைசியில் மேலும் 195 பேரும் இதே காரணத்துக்காக அனுப்பப்பட்டார்கள். ஒரு மாதச் சம்பளம், பணிவிடுப்புக் கடிதம், வேறு வேலை தேட உதவி, விரும்பியவர்களுக்கு இலவச மறுபயிற்சி ஆகியவற்றை நிறுவனம் கொடுத்தது.

மைசூரு நம் பிள்ளைகளுக்கு அந்நிய ஊரில்லை. சென்னையிலிருந்து காவேரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து மதுரை, திண்டுக்கல் வழியாக ஒரு ரயில். மயிலாடுதுறை, தஞ்சாவூர், திருச்சி வழியாக இன்னொன்று. கோவையிலிருந்து சத்தியமங்கலம் தாண்டி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போகிற பேருந்துகள். ‘மைசூர் டிரெய்னிங்’ என்ற இரண்டு சொற்களைத் தமிழ்நாட்டின் எந்தப் பொறியியல் கல்லூரி விடுதியிலும் விளக்க வேண்டியதில்லை. 300 ஏக்கருக்கும் மேல் பரந்த வளாகம், ஒரே சமயத்தில் 14,000 பேர் வரை தங்கிப் படிக்கிற வசதி, 2009இல் திறக்கப்பட்ட, பெரிய தூண்களோடு ரோமானிய அரண்மனை போல் எழும்பி நிற்கிற இரண்டாவது பயிற்சி மையம். இவற்றின் முன்னால் நின்று எடுத்த போட்டோ எத்தனையோ வீடுகளின் வாட்ஸ்அப்பில் முகப்புப் படமாக இருந்திருக்கிறது.

அந்த வாசலுக்குள் போக முடியாமல் நேர்காணலிலேயே திரும்பியவர்கள், போய்விட்டுத் தேர்வில் தோற்றுத் திரும்பியவர்கள் என இரு தரப்புக்கும் மனதில் இருப்பது ஒரே கேள்வி. ‘அவ்வளவுதானா? இனி அங்கே நமக்கு இடமில்லையா?’

இடம் உண்டு. மறுமுறை விண்ணப்பிப்பது வெட்கப்பட வேண்டிய காரியமும் இல்லை. ஆனால் முதல் முறை எங்கே விட்டோம் என்பது தெரியாமல் போனால் இரண்டாவது முறையும் அதே இடத்தில்தான் விடுவோம். அந்தக் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது விண்ணப்பிக்கிறவரின் கடமை. அதைச் சொல்வது நிறுவனத்தின் கடமை.

வாசலின் அகலம் ஆண்டுக்கு ஆண்டு மாறும்

தோற்றவர் முதலில் பார்க்க வேண்டியது, தான் எந்த ஆண்டில் தோற்றோம் என்பதை.

2021-22 நிதியாண்டில் இன்ஃபோசிஸ் கல்லூரிகளிலிருந்து எடுத்த புதியவர்கள் 85,000 பேர். அடுத்த ஆண்டில் 50,000க்குச் சற்று மேல். 2023-24இல் வெறும் 11,900. அந்த ஆண்டு முடிவில் நிறுவனத்தின் மொத்த ஊழியர் எண்ணிக்கையே 25,994 குறைந்து 3,17,240 ஆனது. இருபது ஆண்டுக்கும் மேலாக ஏறிக்கொண்டே வந்த கணக்கு முதல் முறையாக இறங்கியது அப்போதுதான்.

கொரோனா காலத்தில் உலகம் முழுக்க நிறுவனங்கள் அவசர அவசரமாக டிஜிட்டலுக்கு மாறின. வேலை குவிந்தது, ஆட்களும் குவிந்தார்கள். பிறகு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாடிக்கையாளர்கள் செலவைச் சுருக்கினார்கள். ஏற்கெனவே எடுத்தவர்களுக்கே புராஜெக்ட் கிடைக்காமல் ‘பெஞ்ச்’சில் உட்கார வேண்டியிருந்தது.

இரண்டு ஆண்டு இடைவெளியில் ஏழு வாசல்களில் ஆறு அடைபட்டதற்குச் சமம் இது. ஒரே திறமையுள்ள இரண்டு பேரில், 2021இல் விண்ணப்பித்த அண்ணன் உள்ளே போயிருப்பான், 2023இல் விண்ணப்பித்த தம்பி வெளியே நின்றிருப்பான். கட்-ஆஃப் என்பது நம் அறிவை மட்டும் அளக்கும் கோல் இல்லை. அந்த ஆண்டில் எத்தனை பேர் தேவை என்பதையும் சேர்த்துத்தான் அது உயரும், தாழும். இதைச் சொல்வது ஆறுதலுக்காக மட்டும் இல்லை. ஆள் குறைத்த ஆண்டில் மூடிய வாசல், ஆள் தேவைப்படும் ஆண்டில் திறக்கும். மறுமுயற்சிக்கு முதல் நியாயமே இதுதான்.

மைசூரு மாணவர் ஒருவர்

இந்த வளாகத்தைக் கட்டிய நிறுவனத்தின் நிறுவனர் என்.ஆர்.நாராயண மூர்த்தி, மைசூருவில் படித்தவர். தந்தை பள்ளி ஆசிரியர். வீட்டில் எட்டுப் பிள்ளைகள். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் தேறியும் அங்கே அனுப்பிப் படிக்கவைக்கக் குடும்பத்தில் வசதி இல்லை. அந்த ஆசையை ஒதுக்கிவைத்துவிட்டு, உள்ளூரிலேயே இருந்த தேசியப் பொறியியல் கல்லூரியில், அதாவது என்.ஐ.இ.யில் சேர்ந்தார். 1967இல் பட்டம் வாங்கினார். பிறகு மேற்படிப்புக்காக ஐ.ஐ.டி. கான்பூரில் சேர்ந்து 1969இல் முதுகலை முடித்தார். முதல் முறை பணம் இல்லாமல் நழுவிய ஐ.ஐ.டி.க்கு, இரண்டாவது முறை வேறு படிப்பின் வழியாக உள்ளே போனார்.

பின்னால் அவர் தொடங்கிய முதல் நிறுவனமான சாஃப்ட்ரானிக்ஸ் ஓடவில்லை. விப்ரோவில் வேலைக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. ‘உங்களை எடுக்காமல் விட்டது நான் செய்த பெரிய தவறுகளில் ஒன்று’ என்று அசிம் பிரேம்ஜி பிற்காலத்தில் தன்னிடம் சொன்னதாக, 2024 ஜனவரியில் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் மூர்த்தியே சொன்னார். 1981இல் மனைவி சுதா மூர்த்தி தந்த 10,000 ரூபாயோடு, ஆறு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு இன்ஃபோசிஸைத் தொடங்கினார்.

அந்த நிறுவனத்தையும் சந்தை முதலில் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. 1993இல் இன்ஃபோசிஸ் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டபோது போதிய விண்ணப்பங்கள் வரவில்லை. மார்கன் ஸ்டான்லி மிச்சப் பங்குகளை வாங்கிக் கைகொடுத்தது. ஆறே ஆண்டில், 1999 மார்ச்சில், அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்ட, இந்தியாவில் பதிவான முதல் நிறுவனம் என்ற இடத்துக்கு அது போனது.

சுதா மூர்த்தியின் கதை இன்னும் நேரடியானது. 1974இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது டாட்டா குழுமத்தின் டெல்கோ நிறுவனத்தின் விளம்பரம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கே ஓர் அஞ்சல் அட்டை எழுதிப் போட்டார். நேர்காணலுக்கு அழைப்பு வந்தது, வேலையும் கிடைத்தது. விண்ணப்பிக்கவே தகுதியில்லை என்று சொன்ன இடத்தில் அவர் ‘ஏன்’ என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பெரிய மனது எதிர்ப்பக்கம் இருந்தவருக்கும் இருந்தது.

இந்த மாதிரிக் கதைகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 2009இல் ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் வேலை கேட்டுக் கிடைக்காத பிரையன் ஆக்டன், ஜான் கூமோடு சேர்ந்து வாட்ஸ்அப்பை வளர்த்தார். 2014இல் அதே ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலர் விலை பேசி வாங்கியது. கேட்க இனிக்கிறது. ஆனால் நேர்காணலில் தோற்ற எல்லோரும் கம்பெனி தொடங்கிவிட முடியாது. கல்விக்கடன் தவணை கட்ட வேண்டிய பையனுக்கும் தங்கையின் படிப்புச் செலவைப் பார்க்க வேண்டிய பெண்ணுக்கும் தேவை, மாதம் பிறந்தால் கணக்கில் ஏறுகிற சம்பளம். அவர்களுக்கு உதவுகிற கதை வேறு.

கூகுள் திரும்பிப் பார்த்த 10,000 பேர்

அந்தக் கதை கூகுளில் நடந்தது. அங்கே மனிதவளத் துறைக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், 2015இல் வெளியான தன் புத்தகத்தில் இதைப் பதிவுசெய்திருக்கிறார். 2010இல் கூகுள், தான் ஏற்கெனவே நிராகரித்திருந்த மென்பொருள் பொறியாளர் விண்ணப்பங்கள் 3,00,000ஐக் கணினி வழியாக மறுபடியும் அலசியது. தன்னிடம் நன்றாக வேலை செய்பவர்களின் விண்ணப்பங்களில் என்னென்ன இருந்தன என்று பார்த்து, அவை இவற்றிலும் இருக்கின்றனவா என்று தேடியது. 10,000 பேரைத் திரும்ப எடுத்துப் பார்த்து, 150 பேரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டது.

150தானே என்று நினைக்கலாம். கூகுளில் அப்போது சாதாரணமாக விண்ணப்பித்தவர்களில் வேலை கிடைத்தது 400 பேருக்கு ஒருவருக்கு. இந்த நிராகரிக்கப்பட்டவர்களில் கிடைத்தது ஏறத்தாழ 67 பேருக்கு ஒருவருக்கு. அதாவது ஆறு மடங்கு. வேண்டாம் என்று ஒதுக்கிய குவியலில் தனக்குத் தேவையானவர்கள் இருந்தார்கள் என்று உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறது.

நேர்காணல் என்ற முறைக்கே இருக்கிற குறை இது. ஒரு மணி நேரத்தில் ஓர் ஆளை எடைபோட வேண்டும். கேட்பவர் அன்று எட்டாவது ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பார். பதில் சொல்பவர் இரவெல்லாம் பயணம் செய்து வந்திருப்பார். நல்லவரைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, தவறானவரை எடுத்துவிடக் கூடாது என்பதுதான் பெரிய நிறுவனங்களின் எண்ணம். தவறவிட்டால் நிறுவனத்துக்கு உடனே நஷ்டம் எதுவும் தெரிவதில்லை, வரிசையில் இன்னும் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். தவறவிடப்பட்டவருக்கு மட்டும்தான் அது ஒரு முழு ஆண்டின் இழப்பு.

இரண்டாவது அதிகச் சம்பளம் யாருக்கு?

அதற்காக எல்லாப் பழியையும் நேர்காணல் மேல் போட்டுவிட முடியாது. நம் பக்கத்துக் குறையைக் கிட்டத்தில் பார்ப்போம்.

ஐ.டி. நேர்காணல்களில் பல காலமாகக் கேட்கப்படுகிற ஒரு கேள்வி: ‘ஊழியர் அட்டவணையிலிருந்து இரண்டாவது அதிகச் சம்பளத்தைக் கண்டுபிடிக்க எஸ்.க்யூ.எல்.லில் எழுது.’ கேள்வி வருமென்று எல்லோருக்கும் தெரியும். பதிலையும் மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள். சம்பளத்தை மேலிருந்து கீழாக அடுக்கு, இரண்டாவது வரிசையை எடு. எழுதி முடித்ததும் ஒரு நிம்மதி வரும்.

அப்போதுதான் கேட்பவர் மெல்ல அடுத்ததைக் கேட்பார். சம்பளங்கள் 40,000, 40,000, 35,000, 30,000 என்று இருந்தால்? மனப்பாடப் பதில் 40,000 என்று காட்டும். அது முதல் சம்பளம்தான், இரண்டாவது இல்லை. சரியான விடை 35,000. ஒரே சம்பளம் இரண்டு பேருக்கு இருந்தால் அதை ஒருமுறை மட்டும் எண்ண வேண்டும், அல்லது ‘டென்ஸ் ரேங்க்’ போட்டு வரிசைப்படுத்த வேண்டும். அடுத்து, அட்டவணையில் ஒரே ஓர் ஊழியர்தான் இருந்தால் என்ன வரும்? மூன்றாவது அதிகச் சம்பளம் கேட்டால் எந்த இடத்தை மாற்றுவாய்? துறைவாரியாகக் கேட்டால்?

மனப்பாடம் செய்தவர் இங்கே மௌனமாகிவிடுவார். புரிந்துகொண்டவர், உடனே விடை தெரியாவிட்டாலும், ‘சார், ஒரே சம்பளம் ரெண்டு பேருக்கு இருக்கலாமா?’ என்று முதலிலேயே கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்விக்கே பாதி மதிப்பெண் உண்டு. வேலையில் சேர்ந்த பிறகு அவர் எழுதப்போகும் புரோகிராம் ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒருவரின் சம்பளத்தைக் கணக்குப் போடப்போகிறது. சந்தேகத்தை முதலிலேயே கேட்பவர்தான் நிறுவனத்துக்கு வேண்டும்.

‘டெக்னிகல் ரவுண்டில் போச்சு’ என்று சொல்கிற பலருக்கும் போனது இந்த இடத்தில்தான். தெரியாததால் போனவர்களைவிட, தெரிந்ததன் அடுத்த படிக்குப் போகாததால் போனவர்கள் அதிகம். வீட்டுக்கு வந்து இன்னும் நூறு கேள்விகளை மனப்பாடம் செய்தால் இந்தக் குறை தீராது. தெரிந்த பத்துக் கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ‘இப்படி இருந்தால் என்ன ஆகும்’ என்று ஐந்து விதமாகத் திருப்பிப் பார்த்தால் தீரும்.

காரணம் சொல்லுங்கள்

மைசூருவில் வெளியேற்றப்பட்ட பயிற்சியாளர்களுக்குக் குறைந்தபட்சம் தாங்கள் எதில் தேறவில்லை என்பது தெரியும். நேர்காணலில் தோற்றவருக்கு அதுவும் தெரியாது. ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, இந்த முறை உங்களைத் தேர்ந்தெடுக்க இயலவில்லை’ என்று இரண்டு வரி மெயில் வரும். பல இடங்களில் அதுகூட வராது. ஒரு மாதம் காத்திருந்து, இரண்டு மாதம் காத்திருந்து, வரவில்லை என்பதையே பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இது நியாயமில்லை. ஐரோப்பாவில் இதைச் சட்டத்தின் கண்ணோடு பார்த்திருக்கிறார்கள். அயர்லாந்தில் கணக்காளர் தேர்வில் தோற்ற ஒருவர் தன் விடைத்தாளைக் கேட்டு வழக்குப் போட்டார். தேர்வு எழுதியவரின் விடைகளும், திருத்தியவர் அவற்றின் மேல் எழுதிய குறிப்புகளும் அவருடைய சொந்தத் தகவல்களே என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. நம் நாட்டிலும் 2011இல் உச்ச நீதிமன்றம், பொதுத்தேர்வு எழுதியவர் திருத்தப்பட்ட தன் விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பார்க்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அந்தச் சட்டம் அரசு அமைப்புகளைத்தான் கட்டுப்படுத்தும். தனியார் நிறுவனத்தின் கதவுக்குள் நுழையாது.

லட்சக்கணக்கானவர்களுக்கு எப்படிக் காரணம் சொல்ல முடியும் என்று நிறுவனங்கள் கேட்கலாம். ஆன்லைன் தேர்வைத் திருத்துவதே கணினிதான். பகுதிவாரி மதிப்பெண்ணை அதே கணினி ஒரு நொடியில் அனுப்பிவிடும். நேர்காணல்வரை வந்தவர்கள் இன்னும் குறைவு. அவர்களைப் பற்றி, கேள்வி கேட்டவர் ஒரு படிவத்தை நிரப்பித்தான் இருப்பார். அதிலிருந்து இரண்டு வரி கொடுத்தால் போதும். எந்தச் சுற்றில் போனது, எந்தப் பகுதி பலவீனம், மறுபடியும் எப்போது விண்ணப்பிக்கலாம். இந்த மூன்றையும் சொல்வதால் எந்த நிறுவனமும் நொடித்துப் போகாது. அடுத்த ஆண்டு இன்னும் தேறியவர்கள் வருவார்கள் என்பதால் லாபமும் அவர்களுக்குத்தான்.

பயிற்சியாளர்கள் விஷயத்திலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்லூரியை முடித்த சூட்டில் இருந்தவர்களை இரண்டு ஆண்டுக்கும் மேல் காக்கவைத்தது நிறுவனம். அந்தக் காலத்தில் கிடைத்த வேலைக்குப் போனவர்கள் உண்டு, ஆஃபர் கையில் இருக்கிறதே என்று எதிலும் சேராமல் இருந்தவர்களும் உண்டு. படித்தது மறந்துபோவது இயல்பு. மூன்று வாய்ப்பு கொடுத்தோம் என்பது ஒப்பந்தப்படி சரியாக இருக்கலாம். ஆனால் தாமதம் யாரால் வந்ததோ அவர்கள் அந்தத் தாமதத்தின் விலையிலும் பங்கேற்க வேண்டும். நீண்டகாலம் காக்கவைக்கப்பட்டவர்களுக்கு முதல் தேர்வுக்கு முன் கூடுதல் பயிற்சிக் காலம் கொடுத்திருந்தால் அதுவே நேர்மை.

மறு விண்ணப்பத்துக்கு முன்

நிறுவனங்கள் மாறும்வரை விண்ணப்பிக்கிறவர் காத்திருக்க முடியாது. கையில் இருப்பதை வைத்துச் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

அன்றே எழுதிவையுங்கள். நேர்காணல் முடிந்து வெளியே வந்ததும், பேருந்தில் ஏறுவதற்குள், கேட்ட கேள்விகளையெல்லாம் எழுதுங்கள். எதற்குத் தயங்கினீர்கள், கேட்பவர் எந்த இடத்தில் அடுத்த கேள்விக்குத் தாவினார் என்பதையும் எழுதுங்கள். மறுநாள் நினைவில் மிஞ்சுவது வருத்தம் மட்டும்தான். நிறுவனம் தராத காரணத்தை ஓரளவு இந்தத் தாள் தரும்.

இடைவெளியை மதியுங்கள். ஒருமுறை தோற்றவர் மறுபடி விண்ணப்பிக்க ஆறு மாதம், ஒன்பது மாதம், ஓராண்டு என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒரு காலக்கெடு வைத்திருக்கும். பெரும்பாலும் வேலை விளம்பரத்தின் தகுதி விதிகளிலேயே அது இருக்கும். அவசரப்பட்டு வேறு மெயில், வேறு போன் நம்பர் கொடுத்துப் புதிய ஆள் போல உள்ளே நுழையாதீர்கள். பிறந்த தேதி, பான், கல்லூரிப் பதிவு எண் என்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். தோல்வியை மன்னிக்கிற நிறுவனமும் ஏமாற்றை மன்னிக்காது.

ஒன்றாவது புதிதாக இருக்கட்டும். பழைய ரெஸ்யூமேயில் தேதியை மட்டும் மாற்றி அனுப்புவதில் பயனில்லை. இடைப்பட்ட மாதங்களில் நீங்களே கட்டி முடித்த ஒரு புராஜெக்ட், சிறிய கம்பெனியில் செய்த வேலை, உருப்படியான ஒரு சான்றிதழ் என ஏதாவது ஒன்று அதில் ஏற வேண்டும். பழைய விண்ணப்பத்தை மறைக்கவும் வேண்டாம். ‘சென்ற ஆண்டு விண்ணப்பித்தேன், டேட்டாபேஸ் பகுதியில் பின்தங்கினேன், அதன் பிறகு இதைச் செய்திருக்கிறேன்’ என்று தைரியமாகச் சொல்பவரைக் கேட்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

பக்கவாசலும் நேர்வழிதான். கேம்பஸ் ஒன்றே வழி என்று நினைக்க வேண்டாம். இன்ஃபோசிஸ் நடத்தும் ‘ஹேக்வித்இன்ஃபி’, டி.சி.எஸ். நடத்தும் ‘கோட்விட்டா’ மாதிரியான புரோகிராமிங் போட்டிகள் வழியாகவும் ஆள் எடுக்கிறார்கள். அங்கே நன்றாகச் செய்பவருக்குச் சாதாரண ஃபிரெஷரைவிடக் கூடுதல் சம்பளத்தில்கூட இடம் கிடைக்கும். கற்றுக்கொள்ள ‘இன்ஃபோசிஸ் ஸ்பிரிங்போர்டு’ இலவசமாக இருக்கிறது. தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டமும் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி கொடுக்கிறது. உள்ளே வேலை செய்யும் சீனியரின் பரிந்துரை கிடைத்தால் ரெஸ்யூமே ஒரு மனிதர் கண்ணில் படவாவது செய்யும்.

பொய் அனுபவம் வாங்காதீர்கள். பணம் கொடுத்தால் இரண்டு ஆண்டு அனுபவச் சான்றிதழ் தருகிறோம் என்று ஆசைகாட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். பி.எஃப். கணக்கைப் பார்த்தாலே யார் எங்கே, எப்போது வேலை செய்தார்கள் என்பது தெரிந்துவிடும். போலி ஆவணங்களோடு சேர்ந்தவர்களைப் பணிநீக்கம் செய்ததாக 2022 நவம்பரில் அக்சென்ச்சர் வெளிப்படையாகவே அறிவித்தது. வேலை தருவதற்குப் பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் அவர் மோசடிக்காரர்தான்.

பயிற்சியில் தோற்றதை மறைக்காதீர்கள். மைசூருவிலோ வேறெங்கோ பயிற்சியின்போது வெளியேற நேர்ந்தவர்கள் அந்த மாதங்களை ரெஸ்யூமேயிலிருந்து அழித்துவிடத் துடிக்கிறார்கள். அழித்தால் அடுத்த நிறுவனத்தின் பின்னணிச் சோதனையில் அது கிளம்பும். பணிவிடுப்புக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். என்ன கற்றீர்கள், எதில் தேறவில்லை, இப்போது அதில் எப்படி இருக்கிறீர்கள் என்ற மூன்றுக்கும் நேரான பதிலைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

இளைஞர்களை இன்டர்வியூ அறையைவிட அதிகமாக வாட்டுவது கல்யாண வீடுதான். ‘தம்பி, இப்போ எங்க இருக்கே?’ என்று பெரியப்பா ஒருவர் கேட்பார். பையன் பதில் தேடுவதற்குள், ‘நம்ம சித்ரா பையன் அமேசான்ல சேந்துட்டான், தெரியும்ல?’ என்று அடுத்தது வரும். கேட்பவருக்குக் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் அன்று இரவே அந்தப் பையன், கிடைத்த வேலை எதுவானாலும் சரி என்று தனக்குப் பொருந்தாத இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவான், அல்லது போலிச் சான்றிதழ் விற்பவருக்குப் போன் போடுவான்.

பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆறு மாதமோ ஓராண்டோ, பிள்ளையோடு உட்கார்ந்து பேசி ஒரு காலத்தைத் தீர்மானியுங்கள். அதுவரை ‘என்ன ஆச்சு’ என்ற தினசரி விசாரணை வேண்டாம். அந்தக் காலத்தில் சும்மா இருக்கச் சொல்லவும் வேண்டாம். சிறிய கம்பெனியில் குறைந்த சம்பளம் என்றாலும் துறை சார்ந்த வேலையாக இருந்தால் போகட்டும். நேர்காணலில் ‘இப்போது என்ன செய்கிறாய்’ என்ற கேள்விக்குச் சொல்ல ஒரு நல்ல பதில் அங்கிருந்து கிடைக்கும். காலம் முடிந்தும் கிடைக்கவில்லை என்றால் வேறு நிறுவனம், வேறு துறை என்று யோசிப்பதில் குற்றமில்லை. ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இளமை முழுவதையும் நிறுத்திவைக்கும் அளவுக்கு எந்தக் கம்பெனியும் பெரியதில்லை.

தேர்வு நடத்துகிற நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் விண்ணப்பித்துத் தோற்றவர்கள் நாளை உங்கள் வாடிக்கையாளர் ஆகலாம், போட்டியாளர் ஆகலாம், நீங்களே திரும்பத் தேடிப் போகிற ஊழியராகவும் ஆகலாம். அவர்களுக்கு மரியாதையான ஒரு பதிலும் அதில் ஓர் உண்மையான காரணமும் கொடுங்கள். விண்ணப்பிக்கிறவர்களுக்குச் சொல்ல இருப்பது இது: கிடைக்காமல் போனது ஒரு நாளின் ஒரு மணி நேரத்தில் சொல்லப்பட்ட தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு உண்டு. கெடு முடிகிற நாளைக் குறித்துவையுங்கள், விட்ட இடத்தைச் சரிசெய்யுங்கள், மறுபடியும் விண்ணப்பியுங்கள்.